ஆறாம் நாள்: உள்ளூர் வாழ்க்கை

பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் வைத்திருந்தார்கள்.
நான்காம் நாள் குதிரை.
ஐந்தாம் நாள் மலை முகடு.
ஆறாம் நாள் உள்ளூர் வாழ்க்கை,
காலை ஒன்பது முதல் பதினொன்றரை வரை.

எனக்கு அது நாலரைக்கே தொடங்கிவிடும்.
ஒன்பதுக்குள் இரண்டு தரம் கறந்திருப்பேன்,
காய்ந்த சாணத்தை அடுப்பில் திணித்திருப்பேன்.
சோங் கோல் ஏரிக்கரையில் மரம் கிடையாது,
இந்த உயரத்தில் புல்லுக்கே மூச்சு வாங்கும்.
அண்ணன் எல்தியார் வாளியைக் கவிழ்த்துவிட்டுக்
குதிரைமேல் பழி போட்டிருப்பான்.

ஒஹாயோவிலிருந்து பதினான்கு பேர்.
என் வயதுதான் எல்லோருக்கும்.
சக்கரம் வைத்த பெட்டிகளை இழுத்தார்கள்,
புல்லில் அவை முரண்டு பிடித்தன.
கழுதை மாதிரி என்று சொல்லலாம்,
கழுதைக்குத்தான் அவமானம்.

புளித்த குதிரைப்பாலை ஒரு வாய் குடித்துவிட்டு
நன்றாக இருக்கிறது என்றாள் ஹோலிஸ்.
கண்ணில் நீர் நின்றது.
அவள் தந்த வேர்க்கடலை வெண்ணெயை
நானும் அப்படியேதான் பாராட்டினேன்.

ஒன்பது மணிக்குக் கறந்து காட்டினேன்.
குட்டி முட்டினால்தான் தாய்க்குப் பால் இறங்கும்,
இறங்கியதும் குட்டியை இழுத்துக்கொள்ள வேண்டும்.
பாவம் என்றார்கள்.
பாவம்தான், தினம் ஐந்து முறை.
படம் எடுத்தார்கள்.
ஒருத்தி மட்டும் போனை உறையில் போட்டுவிட்டுக்
குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்,
இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

அன்று இரவுக்குத் தாளில் ஒன்றுமில்லை.
ஏரியின் அக்கரைதான் முதலில் கறுத்தது.
பிறகு காற்று
கம்பளிக் கூடாரத்தின் தோளைப் பிடித்து உலுக்கியது.
உச்சி வளையத்திலிருந்து ஒரு கயிறு தொங்கும்,
அலங்காரம் என்று நினைத்திருந்தார்கள்.
அதில் பாரம் கட்டாவிட்டால் கூடாரம் பறந்துபோகும்.
கல் பொறுக்கப் போனால்
போனவரே பறக்கும் காற்று.

பெட்டிகள் என்று அம்மா கத்தினாள், கிர்கிஸில்.
பதினான்கு பேருக்கும் புரிந்தது.

ஏறின கயிற்றில்
பதினோரு ஜோடிக் காலணிகள்,
மூன்று கோடைப் பாடப் புத்தகங்கள்,
மின்சாரமே இல்லாத இடத்துக்கு வந்திருந்த
கூந்தல் உலர்த்தி.
ட்ரெவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான்,
அழுதபடியே பிடித்திருந்தான்,
விடியும்வரை.
மறுநாள் அதைப் பற்றி யாரும் பேசவில்லை,
எல்தியார்கூட.

காலையில் பனி. ஜூலை மாதத்தில்.
ஹோலிஸும் நானும் பனியை அள்ளிப் பானையில் போட்டோம்.
உங்கள் ஊரில் காலையில் என்ன செய்வாய் என்றேன்.
முனையில் நிற்பேன், இருட்டில்,
பள்ளிப் பேருந்து வரும்வரை.
அப்புறம்?
அப்புறம் ஒன்றுமில்லை. வந்ததும் ஏறிக்கொள்வேன்.
அதற்கு எவ்வளவு கட்டணம் என்றேன்.
சிரித்தாள். நான் கேட்டது நிஜமாக.

இரும்பு அலமாரிக்கு ஒரு பூட்டு,
அதன் எண் எனக்கு மட்டும் தெரியும்.
இரவெல்லாம் எரிகிற தெரு விளக்கு.
யாரும் கறக்க வேண்டாத ஞாயிற்றுக்கிழமை.
ஒரு வாரம் போதும் எனக்கு.
முதல் நாள்: முனையில் நிற்றல்.
இரண்டாம் நாளும் அதையே வைக்கலாம்.

போகும்போது கட்டிப்பிடித்தார்கள்,
குதிரைகளை அதிகமாக, எங்களைக் கொஞ்சம்.
வண்டி இரண்டு முறை சேற்றில் நின்றது,
இரண்டு முறையும் இறங்கித் தள்ளினார்கள்,
சொல்லாமலே.

உறையை மறந்து விட்டுப் போயிருக்கிறார்கள்.
தாளைத் திருப்பி வைத்துப் பால் கணக்கு எழுதுகிறேன்.
நாளை மறுநாள் பதினாறு பேர் வருகிறார்கள்,
எந்த நாடு என்று அம்மாவுக்கு நினைவில்லை.
பெட்டி கனமா என்று மட்டும்
கேட்டுச் சொல்லச் சொன்னாள்.